முதலில் குரல் கொடு

கண்ணு,

வனக்காப்பாளர் வேலைக்கான உத்தரவு உன் கைக்கு வந்துவிட்டதாக உன் அப்பன் போன் செய்து சொன்னான். குரலில் பாதி பெருமை, பாதி கவலை. யானையைப் பற்றி உனக்குச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கரடியைப் பற்றிச் சொல்ல அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். காட்டை நம்பிப் பிழைக்கும் சனங்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டுப்பார். யானை என்று சொன்ன மூச்சிலேயே கரடி என்பார்கள்.

நம் சேலம் மாவட்டம் ஒரு காலத்தில் ஒகேனக்கல், ஓசூர் வரைக்கும் நீண்டு கிடந்தது. 1965-இல்தான் தர்மபுரி தனியாகப் பிரிந்தது. பிறகு 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அந்த வடக்குக் காடுகளில்தான் என் வேலைக்காலம் போயிற்று. நீ போகப்போவதும் அங்கேதான். காவிரிக்கரையில் நாங்கள் நடந்த காப்புக்காடுகள் 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயமாகவும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் பெயர் பெற்றிருக்கின்றன. பலகை மாறியிருக்கும், கரடி மாறியிருக்காது.

சூரமங்கலத்து வீட்டில் உட்கார்ந்து, நானும் என் கூட்டாளிகளும் பட்ட அடிகளை எல்லாம் ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அறியாமையால் பட்டது குறைவு. அவசரத்தாலும் வீம்பாலும் வேடிக்கை ஆசையாலும் பட்டதே அதிகம். அதனால் கீழே இருப்பதைக் காட்டு விதி என்று மட்டும் படித்துவிடாதே. நம் குணத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும் வழி என்றும் படி.

1. அது யார் என்று முதலில் தெரிந்துகொள். நம் காட்டில் இருப்பது தேன்கரடி. வளர்ந்த ஆண் 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. மேல்தாடையின் முன்பற்களில் நடு இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை உறிஞ்சி இழுக்கிறது. புற்றை உடைக்க விரல் நீளத்துக்கு நகம். மண் ஏறாமல் இருக்க மூடிக்கொள்ளும் மூக்கு. கரையான், எறும்பு, தேன், பழம் இவைதான் சாப்பாடு. மனிதனைத் தின்ன அது வருவதில்லை. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் அந்த நீண்ட நகத்தைப் பார்த்துவிட்டு, இது தென்னமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் மந்தமான விலங்கின் சொந்தம் என்று எழுதிவைத்தார். படித்தவரே ஓர் அடையாளத்தை வைத்துக் குலம் சொன்னால் இப்படித்தான் ஆகும். மூர்க்கம், முட்டாள், மனிதனுக்கு எதிரி என்று ஊரில் சொல்வதை நீயும் அப்படியே வாங்கிக்கொள்ளாதே. பழகிப் பார்த்துப் பேசு.

2. முதலில் குரல் கொடு. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் உன் பெரியப்பனுக்குப் போதும். கரடிக்கு மூக்கு வலுவு. கண்ணும் காதும் சுமார்தான். புற்றுக்குள் முகத்தை விட்டு உறிஞ்சும்போது அது போடும் சத்தம் நமக்கே நூறு அடிக்கு அப்பால் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் உன் காலடி அதற்கு எங்கே கேட்கப்போகிறது? தலையை நிமிர்த்தும்போது நீ பக்கத்தில் நின்றால், அது யோசிக்காது. எதிர்க்காற்றில் நீ நடந்தால் உன் வாசமும் அதற்குப் போய்ச் சேராது. அதனால் பேசிக்கொண்டே நட. கோலால் பாறையைத் தட்டு. கோலில் ஒரு சலங்கையைக் கட்டிக்கொண்டாலும் நல்லதுதான். ஓடைச் சத்தம் இருக்கும் இடத்தில் இரண்டு மடங்காகப் பேசு. புதிதாக வரும் பிள்ளைகள் பூனை நடை நடப்பதைப் பெருமையாக நினைப்பார்கள். வேட்டைக்காரனைப் பிடிக்கப் போகும் இரவில் அது வேண்டியிருக்கலாம். மற்ற நாளில், அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று "யாருங்க வீட்டுல" என்று கேட்கிற மரியாதை காட்டுக்கும் உண்டு.

3. அவசரத்தைக் கூட்டிக்கொண்டு போகாதே. கரடி பெரும்பாலும் இரவு நேரத்துக்காரன். பொழுது சாயும்போது கிளம்பும். விடியும்போது படுக்கை தேடித் திரும்பும். நம் சனமும் அந்த நேரத்தில்தான் கொல்லைக்கு ஒதுங்கும், பால் ஊற்றப் போகும், முதல் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குத்தடத்தில் ஓடும். சந்திப்பெல்லாம் அந்த மங்கல் நேரத்தில்தான். எங்களோடு வேலை பார்த்த ஒரு வாட்சர் நல்ல நடைக்காரர். ரேஷன் வாங்கிக்கொண்டு பொழுதோடு முகாமுக்குத் திரும்ப வேண்டியவர், ஊரில் பேச்சில் நேரம் போக்கிவிட்டு, இருட்டும்போது ஓடைத்தடத்தில் விரைந்து இறங்கினார். டார்ச் பைக்குள் இருந்தது. எடுக்க நிற்க வேண்டுமே என்று நிற்கவில்லை. கரடி அவர் தோளைக் கிழித்துவிட்டுப் போனது. பைக்குள் இருக்கும் டார்ச் வெளிச்சம் தராது, கண்ணு. விடிந்து வெயில் ஏறிய பிறகு கிளம்பு. பொழுது இருக்கும்போதே திரும்பு. முடியாத நாளில் முகாமிலேயே தங்கு. "ஏன் வரவில்லை" என்று மேலதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

4. ஆழ்ந்த காட்டைவிட ஓரக்காட்டுக்குப் பயப்படு. சத்தீஸ்கர் மாநிலத்தின் வடக்கு பிலாஸ்பூர் வனக்கோட்டத்தில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை கரடி தாக்கிய 137 சம்பவங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 11 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலான சம்பவங்கள் நடந்தது வீட்டுக்கொல்லையிலும் வயலிலும் அதை ஒட்டிய காட்டிலும்தான், அதுவும் மழைக்காலத்தில். தாக்கியவை பெரும்பாலும் தனிக்கரடிகள். நடுக்காட்டில் நாம் எச்சரிக்கையாக இருப்போம். ஓரத்துக்கு வந்ததும் வீடு வந்துவிட்டது என்று பேச்சை நிறுத்திவிடுவோம், கோலைத் தோளில் போட்டுக்கொள்வோம். உண்ணிச்செடிப் புதர் அடர்ந்து கிடப்பது அந்த ஓரத்தில்தான். பகலில் கரடி படுத்துக் கிடப்பதும் அந்த நிழலில்தான். காரியம் முடிந்தது என்று மனசு சொல்லும் கடைசி அரை மைலில்தான் உன் கவனம் முழுதாக இருக்க வேண்டும். இது காட்டுக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு என்று நினைக்காதே.

5. தரையைப் படிக்கப் பழகு. நிமிர்ந்து மட்டும் நடக்காதே. புதிதாகக் கிளறிய புற்று, ஈரம் காயாத மண், பட்டையில் கீறிய நகக்கோடு, கொன்றை விதையும் எறும்பின் ஓடும் கலந்த எச்சம், மனிதப் பாதத்தை நினைவூட்டும் அகலச் சுவடு. இவை எல்லாம் அது விட்டுப்போன தகவல்கள். குண்டுக்கல் அடுக்குகளில் இருக்கும் பொடவுக்குள் தலையை நீட்டிப் பார்க்காதே. வாயிலில் ஈ மொய்க்கிறதா, வாடை வருகிறதா என்று தள்ளி நின்று கவனி. என்னுடன் நடந்த ஓர் இருளர் பெரியவர், புற்றைக் கண்டால் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் எதுவும் சொல்லாமல் வேறு தடத்தில் திரும்பிவிடுவார். நாங்கள் சர்வே அளக்க வேண்டும், இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று முறைப்போம். "நாளைக்கும் இந்தக் காடு இங்கதான் இருக்கும்" என்பார். வளைந்து போனதால் நாங்கள் இழந்தது ஒன்றுமில்லை. பின்வாங்கத் தெரிந்தவனிடம்தான் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

6. பழக்காலத்தை மனப்பாடம் செய். மார்கழி, தை என்றால் இலந்தை. அதைத் தொடர்ந்து சரக்கொன்றைக் காய் முற்றும். கோடையில் இலுப்பைப் பூ கொட்டும், தேன் கூடும். ஆனி, ஆடியில் நாவல். மழைக்குப் பிறகு நம் கரட்டில் எங்கு பார்த்தாலும் சீத்தாப்பழம். கரடி எங்கே இருக்கும் என்று தெரிய மாயம் ஒன்றும் தேவையில்லை. எந்த மரம் பழுத்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். அந்த மரத்தடிக்கு நம் பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு வருவார்கள் என்பதையும் மறந்துவிடாதே. பழம் பொறுக்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல, சந்தைக்குப் போகும் காசு. அவர்களை விரட்டுவது சுலபம். வெயில் ஏறிய பிறகு வரச் சொல்லு, நாலைந்து பேராக வரச் சொல்லு, மரத்தடிக்கு வருமுன் கூவிவிட்டு வரச் சொல்லு. முதல் நாள் நீயும் கூடப் போ. கொல்லிமலைப் பக்கம் போனால் பலா பழுக்கும் மாதத்தில் இதையே சொல்லு: பழுத்த காயை மரத்தில் விட்டுவைக்காதே, வெட்டிய சக்கையை வீட்டோரம் கொட்டாதே.

7. குட்டியைக் கண்டால் கொஞ்ச நினைக்காதே. குட்டி பிறப்பது பெரும்பாலும் மார்கழி, தை வாக்கில், ஒன்றோ இரண்டோ. வெளியே வந்த பிறகு தாயின் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு சவாரி செய்யும். ஆறேழு மாதம், சில வேளை ஒன்பது மாதம் வரைக்கும் அந்த முதுகுதான் அதற்கு வீடு. இரண்டு வயது தாண்டும்வரை தாயை விட்டுப் பிரியாது. முதுகில் சுமை இருக்கும் தாய் ஓட்டம் பிடிக்காது, நின்றுதான் பார்க்கும். தடத்தில் குட்டி தனியாக நின்றால், தாய் எங்கோ போய்விட்டது என்று எண்ணாதே. நீ தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நிற்கிறாய் என்று எண்ணு. வந்த வழியே, முகத்தைத் திருப்பாமல், மெல்லப் பின்னால் போ. "பாவம், அனாதைக் குட்டி" என்று தூக்கிவந்து முகாமில் பால் கொடுத்த கதைகள் உண்டு. அன்றிரவு தாய் அந்தப் பக்கம் அலைந்த சத்தம் கேட்டவர்கள் மறுபடி அந்தக் காரியம் செய்யவில்லை. குட்டி உண்மையிலேயே தாயை இழந்ததா என்று பார்த்து முடிவு செய்யக் கால்நடை மருத்துவரும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். இரக்கமும் ஒருவரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்தான்.

8. ஊர் மாறினால் பாடமும் மாறும். போனில் தேடினால் அமெரிக்காவின் கருங்கரடிக்கான அறிவுரை உனக்கு நிறையக் கிடைக்கும். அது வேறு இனம்; தொல்லை வந்தால் மரத்தில் ஏறித் தப்பும் பழக்கம் உடையது. அது தாக்க வந்தால் எதிர்த்து அடி என்றுதான் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் கரடிக்கும் மரம் ஏறத் தெரியும். ஆனால் ஏறித் தப்பும் குணம் அதற்கு இல்லை. புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்து வந்த உயிர் அது. ஏறினால் சிறுத்தை பின்னாலேயே ஏறும். அதனால் திகைத்தால் எழுந்து நிற்கும், உறுமும், முன்னால் பாயும். பாதி தூரம் வந்து திரும்பிவிடுவதும் உண்டு. ஓடினால் நீ தோற்பாய். அது நம்மைவிட வேகம். தள்ளி நிற்கும் கரடியைக் கண்டால் நில், கோலை முன்னால் பிடி, கூட இருப்பவரோடு சேர்ந்து நில், கண்ணை எடுக்காமல் மெல்லப் பின்வாங்கு, அது போக ஒரு பக்கம் திறந்து விடு. கூட்டாளியை விட்டுவிட்டு ஓடுகிற ஒரு கால்தான் எல்லார் மேலும் அதை இழுத்து விடுகிறது. உன் கால் அந்தக் காலாக இருக்கக் கூடாது.

9. மேலே விழுந்துவிட்டால் முகத்தைக் காப்பாற்று. கரடி குறிவைப்பது தலையையும் முகத்தையும்தான். குப்புறப் படு. முகம் மண்ணில் புதையட்டும். இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொள். முதுகுப்பை இருந்தால் கழற்றாதே. அதுவும் ஒரு கவசம். கால்களை அகட்டி வைத்தால் சுலபமாகப் புரட்ட முடியாது. புரட்டிவிட்டால் உருண்டு மறுபடி குப்புறப் படு. பெரும்பாலும் சற்று நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். போனதும் துள்ளி எழாதே. அது இன்னும் பக்கத்தில் நிற்கலாம். சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். அதனால் முகாமில் சும்மா இருக்கும் மாலையில் நாலு முறை படுத்துப் பழகு. கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்தவர்களையும் படுக்கவைத்துப் பழக்கு.

10. காயம்பட்டவரை விட்டு நகராதே. முதலில் ரத்தத்தைத் துணியால் அழுத்தி நிறுத்து. முகத்தில் காயம் என்றால், நினைவு இருக்கும் ஆளைச் சற்று முன்பக்கம் சாய்த்து உட்காரவை. ரத்தம் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. தொங்கும் சதையைப் பிய்க்காதே. சுத்தமான ஈரத்துணியால் மூடு. ரத்தம் அடங்கிய சின்னச் சின்னக் கீறல்களைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். 108-க்குச் சொல்லு. கரடிக் கடிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும், காயத்தைச் சுற்றிப் போடும் தடுப்பு மருந்தும் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நீயே நினைவுபடுத்து. நாய்க்கடி என்றால் எல்லாருக்கும் தோன்றும். கரடி என்றால் தையலோடு நின்றுவிடும். அதற்கு அடுத்த வேலைதான் பெரியது. முகம் சிதைந்தவர் ஊருக்குத் திரும்பிக் கண்ணாடி பார்க்க மறுப்பார். பிள்ளைகள் பயந்து விலகும். அரசு தரும் நிவாரணத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தை அலையவிடாமல் வாங்கிக்கொடு. நல்லது கெட்டதுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. உன் சீருடை அங்கே உட்கார்ந்தால் ஊரும் உட்காரும்.

11. கூட்டத்தை முதலில் அடக்கு. கரடியை அப்புறம் பார். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஊர்களில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிப்பது அடிக்கடி கேள்விப்படுகிற செய்தி. எண்ணெய்க்கு வந்தது எண்ணெய் குடித்துவிட்டுப் போகும். சுற்றி நின்று பட்டாசு கொளுத்தி, நாயை ஏவி, செல்போனைத் தூக்கிப் பிடித்தால்தான் அது திசை தெரியாமல் ஆள்மேல் பாயும். ஏவிய நாயும் திரும்பி நம் காலுக்குத்தான் ஓடிவரும், கரடியைப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம், காலையில் பைக்கில் மசாலாப் பொருள் விற்கப் போன வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்ற ஓடியவர்களில் இரண்டு பேரும் படுகாயம் அடைந்தார்கள். பிறகு மயக்க ஊசி போட்டுத்தான் அதைப் பிடிக்க முடிந்தது. ஓடி உதவுவது நம் சனத்தின் நல்ல குணம். அதைக் குறை சொல்லாதே. தனித்தனியாக ஓடாமல், ஒன்றுசேர்ந்து, கோலோடும் சத்தத்தோடும் போகச் சொல்லிக்கொடு. ஊருக்குள் கரடி வந்தால் உன் முதல் வேலை, அது வந்த வழியைக் காலியாக வைப்பது. பன்றிக்கு வைத்த சுருக்கில் கரடி சிக்கியிருந்தால் கிட்டே போகாதே. கம்பி எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. தள்ளி நில், ஆட்களை விலக்கு, டாக்டர் வரும்வரை பொறு.

12. வீரம் பேசாதே, பேசுகிறவரோடும் சேராதே. கென்னத் ஆண்டர்சன் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய். நம் வடக்குக் காடுகளில் எல்லாம் துப்பாக்கியோடு அலைந்தவர். மைசூர்ச் சீமையில் அரசிகெரே பக்கம் பன்னிரண்டு பேரையாவது கொன்ற ஒரு கரடியை அவர் சுட்டார். அதைப் பற்றி எழுதியும் வைத்தார். அந்தக் கரடி அப்படி ஆனதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. அவர் நினைத்தது, முன்னால் மனிதர் கையால் அது காயப்பட்டிருக்க வேண்டும் என்று. சுட்டுக் கொன்றவரே தேடிப்போன காரணம் நம் பக்கம்தான் இருந்தது, பார். இன்றைக்கு இந்தக் கரடி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு வரைக்கும் போகலாம். இருந்தாலும் பயம் தெளிய என்று குழந்தை கழுத்தில் கட்டக் கரடிமயிர் கேட்டு உன்னிடமே வருவார்கள். மூத்தவர்கள், சொந்தக்காரர்கள்கூட வருவார்கள். சிரித்துக்கொண்டே, ஆனால் முடியாது என்று தெளிவாகச் சொல்லு. லீவில் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கரடி விடாதே. நீ எதிர்கொண்ட கரடி ஓரடி கூடக் கூட, கேட்கிற பிள்ளைக்கு அதன்மேல் வெறுப்பும் ஓரடி கூடும்.

13. பயம் போய்விட்டால் லீவு போடு. முதல் வருஷம் பயத்தால் தப்பிப்பாய். இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் பழகிவிட்டது என்று தோன்றும். என் அனுபவத்தில் அடிபட்டவர்கள் அந்தப் பருவத்துக்காரர்கள்தான். குரல் கொடுப்பது வெட்கமாகத் தெரியும். கோல் பாரமாகத் தெரியும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்கத் தோன்றும். பயம் இருப்பதைக் கோழைத்தனம் என்று நினைக்காதே. அளவான பயம் எதிரில் இருக்கும் உயிருக்கு நீ கொடுக்கும் மதிப்பு. நிரம்பிவிட்டால் கை உதறும், வற்றிவிட்டால் கண் மூடும். இரண்டும் ஆபத்து. நடுங்கிய நாளில் கூட்டாளியிடம் சொல்லு. நடுங்காத நாளில் உன்னிடமே சொல்லிக்கொள்.

14. கடைசியாக ஒன்று. பணியில் சேர்ந்ததும் காட்டுக்குள் போகுமுன் உன் காவலில் வரும் பீட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் போ. ஜீப்பில் போகாதே, நடந்து போ. இருளர் வீட்டிலும், மாடு மேய்க்கிறவர் பட்டியிலும், டீக்கடையிலும் உன் பெயரைச் சொல்லு, இன்னார் மகள் என்று சொல்லு. கரடி எந்தப் புற்றில் இருக்கிறது, எந்தப் பொடவில் குட்டி போட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உன்னைத் தெரிந்தால்தான் அதைச் சொல்வார்கள். சட்டையைப் பார்த்துப் பயந்த சனம் விறகு எடுக்க இருட்டில் போகும், சத்தம் போடாமல் போகும், தனியாகப் போகும். கரடியிடம் சிக்குகிறவர்கள் அப்படிப் போகிறவர்கள்தான். அவர்களைப் பயமுறுத்தாமல் இருப்பதுதான் நீ அவர்களுக்குக் கொடுக்கும் முதல் பாதுகாப்பு. கரடிக்குக் குரல் கொடுக்கச் சொன்னேன் அல்லவா? மனிதர்களுக்கு அதற்கும் முன்னால் கொடு. திங்கட்கிழமை பணியில் சேர்கிறாய், செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிடு. வெயில் ஏறட்டும். கோல், டார்ச், விசில், தண்ணீர், சோப்பு இவற்றோடு, தடம் தெரிந்த ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் பெரியப்பன்,
சூரமங்கலம்